வெள்ளை வட்டம்

நகங்களுக்குள் புகுந்திருந்த வெள்ளை பெயிண்ட் மட்டும் போகவில்லை. அம்மா பழைய துணியொன்றைத் தின்னரில் நனைத்து, அப்பாவின் வலது கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் துடைத்தாகிவிட்டது. தலை வாரியாகிவிட்டது. சலவைச் சட்டை போட்டாகிவிட்டது. கட்டிலின் மறுபக்கம் நின்ற மகள் இடது கையைப் பிடித்திருந்தாள். விறைத்துப்போன அந்தக் கையின் விரல்களைப் பிரிப்பதற்கே அவளுக்கு மனம் வரவில்லை.

"விடும்மா. இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படி விடறது? இந்தக் கையோடவா அனுப்புவாங்க? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், சாப்பிட உட்காரும்போது கையை ஒழுங்கா கழுவுங்கன்னு. ஒரு நாளாவது கேட்டாரா இந்த மனுஷன்?"

அம்மா அழவில்லை. கோபமாக இருந்தாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் வாசல் பக்கம் நழுவியிருப்பார்.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆனால் கடையில் இருந்த நேரத்தைவிட மலையில் இருந்த நேரம்தான் அதிகம். பள்ளத்தாக்கைப் படம் எடுக்க ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். எங்கே நின்றால் ஆற்றின் வளைவெல்லாம் ஒரே படத்துக்குள் அடங்கும், எந்தப் பாறையிலிருந்து பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே போகும் என்பதை அவரிடம்தான் கேட்பார்கள். அவர் மழையிலும் பனியிலும் அலைந்து இடம் தேடுவார். ஒரு இடம் மனதுக்குப் பிடித்துவிட்டால், அங்கே பாறைமேல் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பெயிண்டில் ஒரு வட்டம் போட்டுவிடுவார். கேமரா முக்காலியின் முன்காலை அந்த வட்டத்தில் ஊன்ற வேண்டும். அவ்வளவுதான். அவர் கூட வராத நாளிலும் அந்த வட்டங்கள் வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தன.

சின்ன வயதில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தவள் இவள்தான். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே முக்காலி. இப்போது பக்கத்து நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நேற்று மாலை செய்தி வந்தது. காலைப் பேருந்தில் வந்து இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் மதிய வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

வாசலில் பெரியப்பாவின் குரல் கேட்டது. அப்பாவுக்கு மூத்தவர், ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் காலையிலிருந்து ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வலின்னு டாக்டர் மாடிப்படியே ஏறாதேன்னு சொன்னார். இவன் மலை ஏறியிருக்கான். அதுவும் மழையில! எதுக்கு? போட்டோ. பைத்தியம் பிடிச்சவன்கூட மழை வந்தா ஒதுங்கி நிப்பான்."

உள்ளே அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"அப்பாவோட மூக்குக்கண்ணாடி எங்கம்மா?" என்று மகள் பேச்சை மாற்றினாள். கண்ணாடி இல்லாத அந்த முகம் அவளுக்கு வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

"பையில இருக்கும். ஜீப்காரர் கொண்டாந்து வச்சாரு. நான் இன்னும் தொறக்கலை."

தோள்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இன்னும் ஈரமாக இருந்தது. அதன் கீழே சேறு அப்பிய அவருடைய பூட்ஸ் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மகள் பையைத் தரையில் வைத்துத் திறந்தாள். கண்ணாடி மேலேயே இருந்தது. அதன் கீழே ஒரு துண்டு, மாத்திரை அட்டை, ஒரு பிரஷ், சின்ன பெயிண்ட் டப்பா. அவ்வளவுதான் இருந்தது.

"அம்மா, கேமரா இல்லையே. மலையில விட்டுட்டாங்களா?"

"கேமரா அலமாரியில இருக்கு. காலையில பார்த்தேன்."

மகள் நிமிர்ந்தாள். அப்பா கேமரா இல்லாமல் மலைக்குப் போய் அவள் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுக்கே கேமராவோடு போய், சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு மொட்டை மாடியில் மேகம் பார்த்துக்கொண்டு நிற்பவர்.

டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மூடி திறக்கப்படவே இல்லை. மூடியின்மேல் நிறத்தைக் காட்ட ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டு கறுப்பு.

அந்த நேரத்தில்தான் பெயிண்ட் கடைக்காரர் உள்ளே வந்தார். கும்பிட்டுவிட்டுக் கட்டிலருகே நின்றார். அவருடைய கண்ணும் டப்பாவில்தான் விழுந்தது.

"நேத்துக் காலையிலதான்மா வாங்கினார்," என்றார் தாழ்ந்த குரலில். "இத்தனை வருஷமா வெள்ளையைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை. நேத்துக் கறுப்பு கேட்டார். 'என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'போட்டதை அழிக்கணும்ப்பா'ன்னு சொன்னாரு. நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்றாருன்னு…" அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போட்டதை அழிக்கணும்.

முந்தாநாள் அப்பா போனில் சொன்னது மகளுக்கு ஞாபகம் வந்தது. கடை மூடுகிற நேரம். ஒரு காதில் போனும் ஒரு கையில் சாவியுமாக நின்று கேட்டாள். "எதிர்ச் சரிவுல நின்னு நாக்குப் பாறையைப் பார்த்தேன்மா. இந்த மழையில அடியில மண்ணெல்லாம் போயிடுச்சு. மேல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா ஒரு பலகை மாதிரி நிக்குது." அவள் "அப்படியாப்பா, ஜாக்கிரதை. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

நாக்குப் பாறை அவருடைய இடங்களிலேயே பெயர் பெற்றது. பள்ளத்தாக்கை நோக்கி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மாலை வெயில் ஆற்றில் இறங்குவதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்பார்கள். அந்த நாக்கின் நுனியில் அவர் கையால் போட்ட வட்டம் ஒன்று இருக்கிறது.

அவள் அம்மாவிடம் வாய் திறக்குமுன் வாசலில் சலசலப்பு கேட்டது. மலையடி லாட்ஜில் வேலை பார்க்கும் ஆள் பெரிய மாலையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"லாட்ஜ்ல தங்கியிருக்கற போட்டோ பார்ட்டி குடுத்தனுப்பினாங்க. இன்னைக்கு ஐயாதான் அவங்களைக் கூட்டிட்டுப் போக வேண்டியது. ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"அவங்க எங்கே இப்ப?" என்று வாசலுக்கு வந்து கேட்டாள் மகள்.

"கிளம்பிட்டாங்க. அருவி பார்த்துட்டு, சாயங்காலம் நாக்குப் பாறைக்குப் போறாங்க. ஐயா இல்லாட்டியும் ஐயா போட்ட வட்டம் இருக்கே, நாங்களே பார்த்துக்கறோம்னாங்க."

"அப்பா அங்க போக வேண்டாம்னு சொல்லலையா?"

"சொன்னாருன்னு மேனேஜர் சொன்னாரு. மழைக்காகச் சொல்லியிருப்பாரு. இன்னைக்குத்தான் பளிச்சுனு வெயில் அடிக்குதே."

"போன் போடுங்க. உடனே போடுங்க."

"அந்தப் பக்கம் டவர் ஏது?"

மகள் உள்ளே ஓடினாள். ஜன்னலோரம் தலை குனிந்து நின்றிருந்த ஜீப்காரரிடம் நேராகப் போனாள். அப்பாவை மலையில் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் சுமந்து இறக்கியவர் அவர்தான்.

"அண்ணே, அப்பா எந்த இடத்துல இருந்தாரு?"

ஜீப்காரர் ஒருமுறை அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாக்குப் பாறைக்குப் போற வழியில. கடைசி ஏத்தத்துல ஒரு மரம் இருக்கும்ல, அதுல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். தூங்கறாருன்னு நினைச்சேன். அங்கேர்ந்து பார்த்தா வட்டம் தெரியுது."

வட்டம் தெரிகிற தூரத்தில் அவருடைய நெஞ்சு நின்றிருக்கிறது. டப்பாவைத் திறக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலிலிருந்து பெரியப்பா உள்ளே வந்தார். "எங்க கூட்டிட்டுப் போகணும்? எடுக்கற நேரம் நெருங்குது. அப்பனை வீட்டுல போட்டுட்டுப் பொண்ணு மலைக்குப் போறாளா? உனக்கும் பிடிச்சிருச்சா அந்தப் பைத்தியம்?"

"பெரியப்பா, அந்தப் பாறை விழப்போகுது. அப்பா போட்டோ எடுக்கப் போகலை. வட்டத்தை அழிக்கப் போனார். இதைப் பாருங்க, கறுப்பு. இன்னைக்கு அங்க ஆளுங்க போய் நிப்பாங்க."

"யாராவது ஆம்பளைங்க போகட்டும்."

"மேல கிளை கிளையா வழி பிரியுது பெரியப்பா. ஜீப் அண்ணனே நேத்து சுத்திச் சுத்தித்தான் தேடிப் போயிருக்காரு. வழி தப்பினா வெயில் போறதுக்குள்ள போய்ச் சேர முடியாது. எனக்குத் தெரியும். நான் நடந்த வழி."

பெரியப்பா அந்தச் சின்ன டப்பாவை வாங்கிப் பார்த்தார். மூடியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். காலையிலிருந்து வாசலில் தான் சொல்லிக்கொண்டிருந்த கதை இப்போது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அம்மா அப்பாவின் கையை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் போய் அந்த பூட்ஸ் இரண்டையும் எடுத்து வந்தாள். மகளின் காலடியில் வைத்தாள்.

"செருப்போட போகாதே. வழுக்கும்," என்றாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் குரல் உள்ளே கேட்டது. "எடுக்கறது கொஞ்சம் தாமதமாகும். முக்கியமான ஆள் ஒருத்தர் வரணும். அவசரம் இருக்கறவங்க போய்ட்டு வாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

ஜீப் கடைசி வளைவில் நின்றது. அதற்குமேல் நடைதான். இரண்டு ஜோடி காலுறை போட்டும் பூட்ஸ் பெரிதாகத்தான் இருந்தது. உள்ளே ஈரம். முந்தின நாள் ஒருவர் கடைசியாக நடந்த ஈரம். மகள் எதையும் நினைக்காமல் ஏறினாள். ஜீப்காரர் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். வழியெல்லாம் பாறைகளில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. சில மங்கியிருந்தன, சிலவற்றுக்குப் புதிதாகப் பூசியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கணம் அப்பா நின்று பார்த்திருக்கிறார். யாரோ முகம் தெரியாதவன் வந்து நின்று மகிழ வேண்டும் என்று குனிந்து வட்டம் போட்டிருக்கிறார். இறைவன் அவரவருக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறான் என்று அம்மா சொல்வாள். இவருக்கு நிற்க இடம் காட்டுகிற வேலை.

கடைசி ஏற்றத்தில் அந்த மரம் வந்தது. அடியில் புல் அமுங்கியிருந்தது. ஜீப்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். மகள் நிற்கவில்லை. அங்கிருந்து நாக்குப் பாறை முழுதாகத் தெரிந்தது. நுனியில் தொப்பி போட்ட பருமனான மனிதர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தார். அவருடைய முக்காலியின் முன்கால் வட்டத்தில் சரியாக ஊன்றியிருந்தது.

ஜீப்காரர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கத்தாதீங்க. திடுக்குனு திரும்புவாரு."

விளிம்பில் நிற்பவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அப்பா அவளுக்கு எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்தது.

பாறை தொடங்கும் இடத்தில் ஒரு அம்மாள் குடை பிடித்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பிக்காரரின் மனைவியாக இருக்க வேண்டும். இவளைப் பார்த்ததும் சிரித்தார். "நீங்களும் சூரியனுக்காகவா? எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரமா அதை முறைச்சுக்கிட்டு நிக்கறாரு. அது பயந்துபோய் மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. மத்தவங்களெல்லாம் அருவியிலயே உட்கார்ந்துட்டாங்க, புத்திசாலிங்க."

மகள் பக்கவாட்டில் நடந்து தொப்பிக்காரர் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்தாள். குரலை இறக்கி, அப்பா வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே நிதானத்தில் பேசினாள்.

"சார், இன்னைக்கு வெளிச்சத்துக்கு இதைவிட நல்ல இடம் ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் வாங்க, காட்டறேன்."

அவர் நிமிர்ந்தார். "இதைவிடவா? வட்டம் இங்கதானே இருக்கு."

"வட்டம் போட்டவர் மாத்தச் சொல்லிட்டார் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். மெதுவா வாங்க. முக்காலியை ஊன்றாம தூக்கிக்கோங்க."

"அவர் போன வருஷம் என்கிட்ட சொன்னாரு, வட்டத்துல நின்னா போதும், வேற எதையும் யோசிக்க வேண்டாம்னு," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் முக்காலியைத் தூக்கினார். ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி வைத்தார். மனைவியைப் பார்த்து ஏதோ சொல்லி வேறு சிரித்தார். மகள் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டியபடியே நின்றாள். அவருடைய கனத்த கால் கெட்டித் தரைக்கு வந்ததும் அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

அப்போது கீழே எங்கோ கற்கள் உருளும் சத்தம் கேட்டது. சின்னக் கற்கள்தான். ஆனால் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. எங்கும் தங்காமல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

தொப்பிக்காரர் திரும்பிப் பாறையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவி குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டார் அவர்.

"வட்டம் போட்டவரோட மகள்."

"அவர் இறந்துட்டார்னு… நாங்க மாலை குடுத்தனுப்பினோமே. நீங்க இங்க…"

"இன்னும் எடுக்கலை சார். ஒரு சின்ன வேலை பாக்கி."

தோளில் மாட்டி வந்த அப்பாவின் பையிலிருந்து பிரஷையும் டப்பாவையும் எடுத்து, மூடியை ஜீப் சாவியால் நெம்பித் திறந்தாள். பாறைமேல் குப்புறப் படுத்து, உடம்பைத் தரையோடு அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். ஜீப்காரர் மண்டியிட்டு அவள் கால்களை, அந்த பூட்ஸ் இரண்டையும், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய இடுப்பைத் தொப்பிக்காரர் பிடித்தார். "ஐயாவைத் தூக்கும்போது இதேபோலத்தான் புடிச்சேன்," என்று ஜீப்காரர் யாரிடமோ சொன்னார்.

கன்னத்தில் பாறை வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை என்பது அவள் வயிற்றுக்குத் தெரிந்தது. கையை முழுக்க நீட்டினாள். பிரஷ் எட்டவில்லை. இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள். வட்டம் இப்போது முகத்துக்கு நேரே இருந்தது. பக்கத்தில் பார்த்தால் அது சரியான வட்டம்கூட இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாக இருந்தது, ஓரத்தில் பிரஷின் முடியொன்று ஒட்டி உலர்ந்து கிடந்தது. அவள் கறுப்பைப் பூசினாள். ஒரு பூச்சில் வெள்ளை மறையவில்லை. மறுபடி பூசினாள். பிரஷ் வழுக்கியபோது உள்ளங்கையாலேயே தேய்த்தாள்.

பின்னால் இழுத்து உட்கார வைத்தபோதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஜீப்காரர் காய்ந்த முள்மரக் கிளைகளை இழுத்து வந்து பாறைக்குப் போகும் வழியில் குறுக்கே போட்டார். தொப்பிக்காரரின் மனைவி பிளாஸ்கிலிருந்து சூடாக எதையோ மூடியில் ஊற்றிக்கொடுத்தார். அவள் கையால் வாங்க முடியாததைப் பார்த்து, தானே வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெயில் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆறு முழுக்க ஒரே ஒளியானது. தொப்பிக்காரர் கேமரா பக்கம் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எடுத்துக்கோங்க சார்," என்றாள் அவள். "வெளிச்சம் நிக்காது. அந்த மரத்துக்கிட்ட போய் நில்லுங்க. அங்கேர்ந்து எடுங்க."

அப்பா சாய்ந்திருந்த மரம். தொப்பிக்காரர் தயங்கித் தயங்கி அங்கே போய் நின்றார். மகள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

வீட்டு வாசலில் யாரும் கலைந்திருக்கவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் வந்திருந்தார். பெரியப்பா அவளைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். வழியில் நின்றவர்களை மட்டும் "தள்ளுங்க, பொண்ணு வருது, தள்ளுங்க," என்று விலக்கினார்.

உள்ளே அம்மா கட்டிலருகே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மகளின் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையும் விரல்களும் நகக்கண்களும் கறுப்பாக இருந்தன.

"யாராவது இருந்தாங்களா அங்க?"

"ஒருத்தர் இருந்தார்மா. அவர் வீட்டுக்காரம்மாவும். கீழே போய்ட்டாங்க, நல்லாயிருக்காங்க."

அம்மா தலையசைத்தாள். பழக்கத்தில் துணியை எடுத்துத் தின்னர் பாட்டிலைச் சாய்க்கப் போனாள். மகளின் ஒரு கையைப் பிடித்து இழுத்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் வைத்தாள். அப்பாவின் நகங்களில் இன்னும் வெள்ளை இருந்தது.

வாசலில் பெரியப்பா, "தூக்கறவங்க உள்ள வாங்கப்பா," என்று கூப்பிட்டார்.

அம்மா பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, ஜன்னல் திட்டில் வைத்தாள்.